விளக்கம்: யார் இந்த 'சமைத்துப் பார்' மீனாட்சி அம்மாள்? கண்ணளவு சமையலுக்குக் கணக்கு எழுதியவர்!

கல்யாணமாகி வெளியூர் கிளம்பும் பெண்ணின் பெட்டியில் பட்டுப்புடவை, வெள்ளிப் பாத்திரம் இதோடு ஒரு சமையல் புத்தகமும் வைத்து அனுப்புவது பல தமிழ்க் குடும்பங்களில் வழக்கமாகவே இருந்தது. பல வீடுகளில் அந்தப் புத்தகம் 'சமைத்துப் பார்'. மும்பை, டெல்லி தொடங்கி அமெரிக்கா வரை போயிருக்கிறது.

இதை எழுதியவர் எஸ்.மீனாட்சி அம்மாள். ஓட்டல் நடத்தியவர் இல்லை. டிவி நிகழ்ச்சியில் வந்தவரும் இல்லை. புத்தகம் வெளியான 1951-ல் இந்தியாவில் டிவியே கிடையாது. வீட்டில் சமைத்தவர், அவ்வளவுதான். அப்படி ஒருவர் எப்படி இவ்வளவு பெரிய பெயர் எடுத்தார்?

இளம் வயதில் தலையில் விழுந்த குடும்பம்

மீனாட்சி அம்மாளுக்கு அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம். இருபதுகளிலேயே கணவரை இழந்தார். கையில் சின்ன மகன். வீட்டில் மாமியார், இன்னும் சிறுவனாக இருந்த கொழுந்தன். எல்லாரையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

அன்றைய தமிழ் பிராமணக் குடும்பங்களில் இளம் விதவையின் நிலைமை என்ன என்பது தெரிந்ததுதான். நல்ல காரியங்களில் முன்னால் நிற்க முடியாது. உடுப்பதிலும் சாப்பிடுவதிலும் கட்டுப்பாடு. வெளியே போய் சம்பாதிக்க வழி ரொம்பக் குறைவு. ஊருக்கே சமைத்துப் போடலாம், ஆனால் பந்தியில் கௌரவம் கிடைக்காது. இப்படிப்பட்ட காலத்தில்தான் சமையலையே தன் பெயர் சொல்லும் வேலையாக மாற்றினார் மீனாட்சி அம்மாள்.

கடிதத்தில் தொடங்கிய கதை

அவருடைய கைமணம் உறவு வட்டாரத்தில் பிரபலம். இதை எப்படிச் செய்வது, அதற்கு என்ன போடணும் என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இவரும் சலிக்காமல் எழுதி அனுப்புவார். ஒருத்தருக்கு எழுதியதையே அடுத்தவருக்கும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

இதைக் கவனித்தவர் குடும்பத்துப் பெரியவரான கே.வி.கிருஷ்ணசாமி ஐயர். சென்னையில் வழக்கறிஞர், பொதுவாழ்விலும் பெயர் பெற்றவர். தனித்தனியாக எழுதுவதை மொத்தமாகப் புத்தகமாகவே போட்டால் என்ன என்று யோசனை சொன்னது அவர்தான். 1951-ல் 'சமைத்துப் பார்' முதல் பாகம் வந்தது.

அது அரிசிக்கு ரேஷன் இருந்த காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு, 1952-ல் ராஜாஜி முதல்வரான பிறகுதான் சென்னை மாகாணத்தில் உணவுக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் விதவிதமாகச் சமைக்கச் சொல்லும் புத்தகத்தை நம்பி அச்சடிக்கத் துணிச்சல் வேணும்.

புத்தகத்தில் அப்படி என்ன ஸ்பெஷல்?

வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால் என்ன பதில் வரும்? உப்பு திட்டமா போடு, புளி கொஞ்சம் கரைச்சுக்கோ, வாசனை வந்ததும் இறக்கு. பக்கத்திலேயே நின்று பத்து வருஷம் பார்த்தவருக்கு இது புரியும். கணவருக்கு வேலை கிடைத்த ஊரில், மாமியாரும் அம்மாவும் இல்லாத ஒற்றை அறையில், அடுப்பு முன்னால் தனியாக நிற்கும் 20 வயதுப் பெண்ணுக்கு 'திட்டமா' என்றால் எவ்வளவு?

மீனாட்சி அம்மாள் செய்த பெரிய காரியம் இதுதான். எதுவுமே தெரியாதவர் படிக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதினார். தேவையான சாமான்கள், அவற்றின் அளவு, அப்புறம் செய்முறை வரிசையாக. அளவுகள் அன்றைய கணக்கில் ஆழாக்கு, பலம், வீசை. இன்றைய கணக்கில் ஆழாக்கு சுமார் 200 மில்லி, பலம் சுமார் 35 கிராம், 40 பலம் சேர்ந்தால் ஒரு வீசை.

சைவக் குழம்பு வகைகளுக்கு இந்த வரிசை ரொம்ப முக்கியம். சாம்பாரில் புளித்தண்ணீர் கொதித்துப் பச்சை வாசனை போன பிறகுதான் வெந்த பருப்பு சேர வேண்டும். முன்கூட்டியே கொட்டினால் வாசனையும் போகாது, அடியும் பிடிக்கும். மோர்க்குழம்பை ரொம்பக் கொதிக்க விட்டால் திரிந்துவிடும். பொரிச்ச குழம்புக்குப் புளியே கிடையாது. பிட்லைக்குப் புளியும் வேணும், வறுத்து அரைத்த தனியா, கடலைப்பருப்பு, தேங்காயும் வேணும். பருப்பு உசிலிக்குப் பருப்பைக் கரகரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்க்கணும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி சாமான்தான். எது எப்போது விழுகிறது என்பதில்தான் ருசியே மாறுகிறது. கைப்பழக்கமாக மட்டும் இருந்த இந்த நுணுக்கம் எழுத்துக்கு வந்தபோது, அது யார் கைக்கும் போகலாம் என்றானது.

தலைப்பும் நல்ல தலைப்பு. 'பார்' என்றால் முயற்சி செய் என்றும் அர்த்தம், விளைவைப் பார் என்றும் அர்த்தம்.

விமர்சனம் இல்லையா?

இருக்கிறது. தமிழ்ச் சமையல் என்றதும் பலர் இந்தப் புத்தகத்தைத்தான் காட்டுவார்கள். ஆனால் இது ஒரு சமூகத்தின் வீட்டு அடுப்படி. வெங்காயம், பூண்டு இல்லாமலே நிற்கும் குழம்புகள் இதில் அதிகம். செட்டிநாடு, கொங்கு, நெல்லைச் சீமையின் ருசியை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். அதைக் குறையாகச் சொல்வதைவிட, தனக்குத் தெரிந்ததை மட்டும் முழுசாக எழுதினார் என்று சொல்வது நியாயம்.

அதன் பிறகு?

முதல் பாகத்துக்குப் பிறகு அடுத்த பாகங்களும் வந்தன. அன்றாடச் சமையலோடு பண்டிகை, விசேஷங்களுக்கான குறிப்புகளும் சேர்ந்தன. 'குக் அண்ட் சீ' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வெளியானது.

மீனாட்சி அம்மாள் 1962-ல் காலமானார். பலமும் வீசையும் கடைகளில் இருந்து மறைந்து, கிராமும் கிலோவும் வந்துகொண்டிருந்த நேரம் அது. புத்தகத்தின் அளவுகளையும் மாற்றவேண்டி வந்தது. பின்னால் வந்த பதிப்புகளில் மெட்ரிக் அளவுகள் சேர்ந்தன. குடும்பத்தினரே அவர் பெயரில் பதிப்பகம் வைத்துத் தொடர்ந்து வெளியிட்டு வந்தார்கள். 2001-ல் பென்குயின் நிறுவனம் தேர்ந்தெடுத்த குறிப்புகளை ஆங்கிலத்தில் தனிப் புத்தகமாகக் கொண்டுவந்தது. கேஸ் அடுப்பும் குக்கரும் வந்த பிறகு பிறந்தவர்களும் அதே பிட்லையை, அதே பொரிச்ச குழம்பை அதைப் பார்த்துச் செய்கிறார்கள்.