போர்க்களத்துக் கவிஞர் சீக்பிரீட் சசூன்

இங்கிலாந்து தேசத்தில், கெண்ட் மாகாணத்து மாட்பீல்டு என்னும் சிற்றூரில், 1886-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி, தேவமாதா பிறந்த திருநாளன்று, சீக்பிரீட் சசூன் பிறந்தார். அவர் தந்தை, பாக்தாத்திலிருந்து பம்பாய்க்கு வந்து வியாபாரத்தில் பெரும் பொருள் சேர்த்த யூத குடும்பத்தவர். தாய் தெரேசா ஆங்கிலிக்கன் சபையினர். தந்தை வீட்டை விட்டுப் பிரிந்து, 1895-ல் க்ஷயரோகத்தால் காலமானார். மூன்று ஆண்மக்களையும் தாயே வளர்த்தாள்.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சேர்ந்த சசூன், பட்டம் பெறாமலே வெளியேறினார். குதிரைச் சவாரி, நரி வேட்டை, கிரிக்கெட், கவிதை இவற்றிலேயே வாலிபம் கழிந்தது.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டதும் பட்டாளத்தில் சேர்ந்தார். மறு வருடம் அவர் தம்பி ஹாமோ கலிப்போலி யுத்தத்தில் காயமுற்று மாண்டார். சசூனோ பிரான்சு தேசத்துப் பதுங்கு குழிகளில் உயிரைத் துரும்பாய் எண்ணிப் போராடினார். எதிரியின் குண்டுகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் காயப்பட்டவர்களைத் தேடிச் சுமந்து வந்ததற்காக, 1916-ல் இராணுவச் சிலுவை என்னும் விருது பெற்றார்.

ஆனால் அவர் கண்ட சாவுகள் அவர் மனச்சாட்சியைத் தூங்கவிடவில்லை. முடித்துவிடக்கூடிய யுத்தத்தை, அதிகாரத்திலுள்ளவர்கள் வேண்டுமென்றே நீட்டுகிறார்கள் என்று 1917-ல் பகிரங்க அறிக்கை விடுத்தார். ஜூலை 30-ந் தேதி அது பார்லிமெண்டில் வாசிக்கப்பட்டது. இராணுவ நீதிமன்றத்துக்கும் அவர் அஞ்சவில்லை. நண்பர் ராபர்ட் கிரேவ்ஸ் தலையிட்டதால், மனநோயாளியென்று எடின்பரோ அருகிலிருந்த கிரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார். அங்கே வில்பிரட் ஓவன் என்னும் இளங்கவிஞருக்கு அவர் ஆசானும் நண்பருமானார்.

யுத்தத்தைக் குறித்த அவர் எண்ணம் மாறவில்லை. ஆயினும் தம் வீரர்கள் குண்டுக்கு இரையாகையில் தாம் மாத்திரம் பத்திரமாயிருப்பது அவர் நெஞ்சை உறுத்திற்று. மறுபடியும் களம் சென்றார். 1918 ஜூலையில், பகைவனென்று தவறாய் எண்ணிய தம் பக்கத்தானே சுட்டதால் தலையில் காயமடைந்தார். அவர் பிழைத்துக்கொண்டார், ஓவனோ, யுத்தம் ஓய ஒரு வாரமிருக்கையில் மாண்டார்.

பிற்பாடு தம் வாழ்வை மூன்று நாவல்களாக எழுதினார். 1928-ல் வெளிவந்த முதல் நாவல், நரி வேட்டைக்காரனின் நினைவுகள், பெரும் புகழ் தந்தது. 1933-ல் விவாகம் செய்தார். ஒரு மகன் பிறந்தான். பின்னர் அந்தக் குடும்பமும் பிரிந்தது. பெரிய மாளிகையில் தனிமையே துணையாயிற்று. புகழும் செல்வமும் இருந்தும், உள்ளத்தில் சமாதானமில்லை.

அப்போது, அவருடைய கவிதைகளை வாசித்த ஒரு கன்னியாஸ்திரி அவருக்குக் கடிதம் எழுதினார். அதுவே வழிகாட்டிற்று. 1957 ஆகஸ்டில், தமது 70-ம் வயதில், அர்ச். ஆசீர்வாதப்பர் சபையாரின் டவுன்சைட் மடத்தில் சத்திய திருச்சபையில் சேர்ந்தார். தேடியது கிடைத்த மகிழ்ச்சி அவருடைய கடைசிக் கவிதைகளில் விளங்குகிறது.

1967 செப்டம்பர் 1-ந் தேதி மரித்தார். மெல்ஸ் கிராமத்துக் கல்லறையில், அவர் பெரிதும் மதித்த குருவானவர் ரொனால்ட் நாக்ஸ் அவர்களின் கல்லறைக்குச் சமீபத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிரிய வாசகர்களே! குண்டுக்கு முன் நிற்பதும் தைரியமே. மனச்சாட்சி சொல்வதை ஊரார் முன் சொல்வதும் தைரியமே. எழுபது வயதில் குழந்தையைப்போல் ஞானோபதேசம் கற்க உட்காருவதோ இவையிரண்டிலும் பெரிய தைரியம். ஆண்டவரிடம் திரும்ப எந்த வயதும் பிந்திய வயதல்ல.