அறுபதில் இருபது பிழை: இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் வாழ்க்கை

நம் பிள்ளைகள் அரசாங்கப் பரீட்சைக்கு உட்காருமுன் பள்ளிக்கூடத்திலேயே முன்னோட்டப் பரீட்சை ஒன்று வைக்கிறார்கள். அதன் மதிப்பெண் தாள் வீட்டுக்கு வரும் நாள் சில குடும்பங்களில் துக்க நாளாகி விடுகிறது. பிள்ளை சோற்றில் கை வைக்காமல் எழுந்து போகிறான். தாயார் கண் கலங்குகிறார். கடையை அடைத்துவிட்டு இரவு வீடு திரும்பும் தகப்பனார் தாளைப் பார்க்கிறார். இவனுக்குப் படிப்பு வராது, நாளை முதல் கல்லாவில் வந்து உட்காரட்டும் என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார். உண்மைப் பரீட்சைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த வீட்டில் பரீட்சை அன்றைக்கே முடிந்து விடுகிறது.

இத்தகைய வீடுகளுக்கென்றே சொல்லத்தக்க வரலாறு ஒன்று உண்டு. அதற்குரிய பெரியாரும் நம்மைப் போன்ற வியாபாரிதான். அதிலும் ஜவுளி வியாபாரி. அவர்களே இமாமுல் அஃளம் என்று உலகம் போற்றும் அபூஹனீபா (ரஹ்) அவர்கள். நம்மில் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தோரும் உண்டு, ஹனபீ மத்ஹபைச் சேர்ந்தோரும் உண்டு. எந்த மத்ஹபினராயினும் இப்பெரியாரின் வாழ்வு நமக்குப் பாடமாகும்.

அன்னாரின் இயற்பெயர் நுஃமான். தந்தையார் பெயர் தாபித். இராக் நாட்டின் கூபா நகரில் ஹிஜ்ரீ 80-ல், அதாவது கி.பி. 699-ல் பிறந்தார்கள். பாரசீக வமிசத்தைச் சேர்ந்த அக்குடும்பத்துக்கு வியாபாரமே தொழில். நுஃமான் அவர்களும் வாலிபத்தில் பட்டுத் துணி வியாபாரத்தில் இறங்கினார்கள். காலையில் கடைத்தெரு, மாலையில் கணக்கு என்று அவர்களது நாட்கள் கழிந்தன.

ஒரு நாள் அவர்கள் கடைத்தெருவுக்குப் போகும் வழியில், கூபாவின் மூத்த ஆலிமாகிய ஷஅபீ (ரஹ்) அவர்கள் அழைத்து, எங்கே போய் வருகிறீர் என்று விசாரித்தார்கள். கடைத்தெருவுக்கு என்று விடை வந்தது. கடைத்தெருவைப் பற்றி நான் கேட்கவில்லை, எந்த ஆலிமிடம் போகிறீர் என்றே கேட்டேன் என்றார்கள் ஷஅபீ அவர்கள். ஆலிம்களிடம் அதிகம் போவதில்லை என்று வாலிபர் ஒப்புக்கொண்டார். அந்த முகத்தில் அறிவின் ஒளியைக் கண்ட முதியவர், கல்வியை விட்டுவிட வேண்டாம் என்று புத்தி கூறினார்கள். அந்தச் சொல் உள்ளத்தில் பதிந்தது. வியாபாரத்தை விடாமலே கல்வியைத் தேடத் தொடங்கினார்கள்.

முதலில் தர்க்கக் கலையில்தான் பெயரெடுத்தார்கள். கொள்கை விவாதங்களில் அவர்களை வெல்வது அரிதாயிருந்தது. இவ்வாறிருக்க, ஒரு பெண்மணி வந்து தலாக் சம்பந்தமான ஒரு மஸ்அலாவைக் கேட்டார். அன்றாட வாழ்வில் எழும் சாதாரணக் கேள்வி. விவாத மேடையில் வெற்றி கண்டவர்களுக்கு அதற்கு விடை தெரியவில்லை. தெரியாது என்பதை மறைக்காமல், ஹம்மாத் அவர்களிடம் போய்க் கேட்டு, அவர்கள் கூறும் பதிலை எனக்கும் வந்து சொல்லுங்கள் என்று அப்பெண்மணியை வேண்டிக்கொண்டார்கள். அவர் அப்படியே திரும்பி வந்து பதிலைச் சொன்னார். உடனே காலணியை எடுத்து மாட்டிக்கொண்டு ஹம்மாத் அவர்களின் மஜ்லிஸுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். தமக்குத் தெரியாததைக் காட்டிய கேள்வியே அவர்களைச் சரியான ஆசிரியரின் வாசலில் கொண்டு சேர்த்தது.

ஹம்மாத் பின் அபீ சுலைமான் (ரஹ்) அவர்கள் அக்காலத்துக் கூபாவின் மார்க்கச் சட்ட மேதை. இப்ராஹீம் நகஈ (ரஹ்) அவர்களின் மாணாக்கர். முதல் நாள் உஸ்தாத் கூறியதை மறுநாள் திருப்பிச் சொல்லும்போது மற்ற மாணவர்கள் தடுமாறுவார்கள். புது மாணவரோ பிசகின்றிச் சொல்வார். ஆகவே மஜ்லிஸின் முன்வரிசையில், தமக்கு நேர் எதிரே அவர்களை உட்கார வைத்துக்கொண்டார்கள் உஸ்தாத். இப்படிப் பத்து ஆண்டுகள் சென்றன.

பத்தாண்டுப் படிப்பு முடிந்ததும், தனியாக ஒரு மஜ்லிஸ் அமைத்துக்கொள்ளலாமே என்ற ஆசை மனத்தில் எழுந்தது. நம் கடைகளிலும் இது நடப்பதுதான். பத்து வருஷம் வேலை பார்த்த பையன், தானே ஒரு கடை போட்டால் என்ன என்று நினைப்பதில் அதிசயம் என்ன இருக்கிறது? ஒரு நாள் மாலை அந்த எண்ணத்தோடே பள்ளிவாசலுக்குள் நுழைந்தார்கள். ஆனால் உஸ்தாதின் முகத்தைக் கண்டதும் பிரிந்துபோக மனம் வராமல், வழக்கமான இடத்திலேயே அமர்ந்துவிட்டார்கள்.

அன்றிரவே ஹம்மாத் அவர்களுக்கு ஒரு செய்தி வந்தது. பஸராவிலிருந்த உறவினர் ஒருவர் இறந்து போனார். அவர் விட்டுச் சென்ற சொத்துக்கு இவர்களைத் தவிர வேறு வாரிசு இல்லை. உஸ்தாத் பஸராவுக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. போகுமுன், தம் இடத்தில் அபூஹனீபா அவர்களை அமரச் சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்காமலே கிடைத்தது ஆசைப்பட்ட ஆசனம்!

உஸ்தாத் திரும்பி வர இரண்டு மாதமாயிற்று. அந்த இரண்டு மாதத்தில் மக்கள் வந்து கேட்ட மஸ்அலாக்கள் பல, அவர்கள் உஸ்தாதிடம் ஒரு தடவைகூடக் கேட்டறியாதவை. தம் அறிவுக்கு எட்டியவாறு பதில் சொன்னார்கள். ஆனால் சொன்னதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஹம்மாத் அவர்கள் திரும்பியதும், யாரும் கேளாமலே அந்த ஏடுகளைக் கொண்டுபோய் முன்னே வைத்தார்கள். ஏறத்தாழ அறுபது மஸ்அலாக்கள். உஸ்தாத் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நாற்பதை ஏற்றார்கள்; இருபதில் மாறுபட்டார்கள்.

சற்றே நினைத்துப் பாருங்கள். பத்து வருஷப் படிப்பு, முப்பதைத் தாண்டிய வயது, ஊரறிந்த பெயர். மூன்றில் ஒரு பங்கு தேறவில்லை என்றால் மனம் எப்படி இருந்திருக்கும்? அந்நிலையில் ஒரு மனிதருக்கு மூன்று வழிகள் உண்டு. உஸ்தாதின் கருத்து வேறு, என் கருத்து வேறு என்று வீம்பு பேசித் தனி மஜ்லிஸ் வைத்துவிடலாம். அல்லது, இந்தக் கல்வி நமக்கு ஆகாது, பட்டுக் கடை இருக்கவே இருக்கிறது என்று எழுந்து போய்விடலாம். மூன்றாவது வழி, அந்த இருபதும் எப்படிப் பிசகின என்று அறியும்வரை உஸ்தாதின் முன் உட்கார்ந்திருப்பது.

அபூஹனீபா (ரஹ்) அவர்கள் மூன்றாவது வழியைத் தேர்ந்துகொண்டார்கள். உஸ்தாத் உயிரோடிருக்கும்வரை அவர்களைப் பிரிவதில்லை என்று உறுதி பூண்டார்கள், அவ்வாறே நின்றார்கள். ஹம்மாத் அவர்கள் ஹிஜ்ரீ 120-ல் (கி.பி. 738) வபாத்தாகும்வரை, ஆக மொத்தம் பதினெட்டு ஆண்டுகள் அந்த மஜ்லிஸில் மாணவராகவே இருந்தார்கள். பிறகுதான் அந்த ஆசனம் அவர்களிடம் வந்தது. அப்போது வயது நாற்பது. அவர்களுடைய புதல்வரின் பெயரும் ஹம்மாத் என்பதே.

இருபது பிழையைக் கண்டும் அவர்கள் மனம் ஒடியாததற்குக் காரணம் என்ன? நாம் தேட வேண்டிய இடம் அவர்களுடைய பட்டுக் கடை என்றே தோன்றுகிறது. ஹப்ஸு பின் அப்துர் ரஹ்மான் என்பவர் அவர்களுடைய வியாபாரக் கூட்டாளி. ஒரு சமயம் அவருக்குச் சரக்கு அனுப்பும்போது, இன்ன துணியில் குறை இருக்கிறது, விற்கும்போது அதை எடுத்துச் சொல்லிவிடுங்கள் என்று அறிவித்திருந்தார்கள். கூட்டாளி அதை மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தி அறிந்த இமாமவர்கள் அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள்.

துணியின் குறையை மடிப்புக்குள் வைத்து மறைக்காத கை, தம் அறிவின் குறையையும் மறைக்கவில்லை. விரித்துக் காட்டிய குறையைத் தைக்கலாம், விலையைக் குறைக்கலாம், வேறு துணி கொடுக்கலாம். மறைத்த குறையோ என்றாவது ஒரு நாள் கடையின் பெயரையே கெடுக்கும். இதை அறிந்த வியாபாரிக்குக் குறை தென்பட்டால் அச்சமில்லை. தென்படாமல் இருப்பதே அச்சம். அவர்களுடைய தன்னம்பிக்கையின் வேர் இதுதான்.

இந்தப் பாடத்தை அவர்கள் தம் மாணாக்கருக்கும் கற்பித்தார்கள். அபூயூஸுப் (ரஹ்) என்ற மாணவர் ஏழைக் குடும்பத்தவர். படித்தது போதும், சம்பாதிக்கப் போ என்று வீட்டார் அவரை மஜ்லிஸிலிருந்து அழைத்துக்கொண்டபோது, இமாமவர்கள் தம் வியாபார வருமானத்திலிருந்து பண உதவி செய்து படிப்பைத் தொடரச் செய்தார்கள். ஒரு முறை அம்மாணவர் கடுமையாக நோயுற்றார். பார்க்கச் சென்ற இமாமவர்கள், தமக்குப் பின் மக்களுக்குப் பயன்படுவார் என்று அவர்மீது தாம் வைத்திருந்த நம்பிக்கையை வாய்விட்டுச் சொன்னார்கள். நோய் நீங்கி எழுந்ததும், அந்தப் புகழ்ச்சியால் ஊக்கம் மிகுந்து, அவர் தனி மஜ்லிஸ் வைத்துவிட்டார்.

இமாமவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, ஓர் ஆளிடம் ஒரு கேள்வியை மட்டும் கொடுத்தனுப்பினார்கள். ஒருவர் கூலி பேசிச் சலவைக்காரரிடம் துணி கொடுக்கிறார். திரும்பக் கேட்டபோது, துணி எதுவும் வாங்கவில்லை என்று அவர் மறுத்துவிடுகிறார். பிறகு மறுபடி கேட்கையில், வெளுத்த துணியைக் கொடுத்துவிடுகிறார். அவருக்குக் கூலி உண்டா, இல்லையா? உண்டு என்றார் அபூயூஸுப். தவறு என்றார் வந்தவர். அப்படியானால் இல்லை என்றார். அதுவும் தவறு என்றார் வந்தவர். அபூயூஸுப் அவர்கள் எழுந்து நேரே உஸ்தாதிடம் வந்துவிட்டார்கள்.

விளக்கம் எளிது. மறுப்பதற்கு முன்பே வெளுத்திருந்தால், துணிக்காரருக்காக வேலை செய்தார், கூலி உண்டு. மறுத்த பிறகு வெளுத்திருந்தால், அபகரித்த துணியைத் தமக்காகவே வெளுத்துக்கொண்டார், கூலி இல்லை. எப்போது வெளுத்தார் என்று கேட்டறியாமல் பதில் சொன்னதே பிழை.

ஒரே கேள்வியில் தோற்றவர் என்னவானார்? உஸ்தாதிடமே மேலும் பயின்றார். பின்னாளில் ஹாரூன் ரஷீத் ஆட்சியில் தலைமைக் காஜி என்னும் பதவியை முதன்முதலில் வகித்தவர் அவரே. அரசாங்க வரிகளைப் பற்றிய கிதாபுல் கராஜ் என்னும் நூலை எழுதியவரும் அவரே. அன்று வீட்டார் சொன்னதைக் கேட்டு ஒரேயடியாக வேலைக்குப் போயிருந்தால், இவற்றுள் எது நடந்திருக்கும்?

இமாமவர்களின் கடைசிப் பரீட்சை பட்டத்துக்கானதன்று. கலீபா மன்ஸூர் காஜிப் பதவியை ஏற்கும்படி வற்புறுத்தினார். தாம் அதற்குத் தகுதியுடையவரல்லர் என்று மறுத்துவிட்டார்கள். அதற்காகச் சிறையும் புகுந்தார்கள். தம் அளவைத் தாமே நிறுத்துப் பார்த்தவரைப் புகழ்ச்சியும் மயக்காது, மிரட்டலும் அசைக்காது. ஹிஜ்ரீ 150-ல் (கி.பி. 767) பக்தாதில் இறையடி சேர்ந்தார்கள். அவர்கள் அடங்கியிருக்கும் பகுதி இன்றும் அவர்களின் சிறப்புப் பெயரால் அஃளமிய்யா என்றே வழங்குகிறது.

வர்த்தகச் சகோதரர்களே! வருஷக் கடைசியில் நாம் சரக்கு இருப்பு எடுக்கிறோம். இருப்புக் குறைந்தால் கடையையா இழுத்து மூடுகிறோம்? எந்தச் சரக்கு, எவ்வளவு குறைவு என்று சிட்டை எழுதிக் கொள்முதலுக்கு ஆள் அனுப்புகிறோம். முன்னோட்டப் பரீட்சையும் ஓர் இருப்புக் கணக்குத்தான். ஆகவே தாளைச் சுருட்டி எறியவும் வேண்டாம், பிள்ளையை வையவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து, பிழைகளைத் தரம் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: படிக்காமல் விட்டவை எவை, படித்தும் மறந்தவை எவை, தெரிந்திருந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்காமலோ நேரம் போதாமலோ கெட்டவை எவை. அந்தச் சிட்டையோடு மறுநாளே ஆசிரியரிடம் அனுப்புங்கள்.

நம் பிள்ளைக்கு இருப்பது எட்டு வருஷமன்று, எட்டு வாரமோ அதிலும் குறைவோதான். அதற்குள் எல்லாக் குறையும் தீர்ந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் எது குறை என்று தெரிந்த பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் கணக்கில் வரவாகும். இன்னொன்றையும் மறவாமல் அவனுக்குச் சொல்லுங்கள். அறுபதில் இருபது பிழை என்றால், நாற்பது சரி. அந்த நாற்பதையும் அவனிடமிருந்து யாரும் பறித்துவிடவில்லை.