லூயி பாஸ்ச்சர்

லூயி பாஸ்ச்சர் (டிசம்பர் 27, 1822 - செப்டம்பர் 28, 1895) பிரான்சு நாட்டைச் சேர்ந்த வேதியியலாளரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டவர் என்றே தமிழ்நாட்டு மாணவர்கள் பெரும்பாலும் இவரை அறிவர். பாப்பாரப்பட்டி போன்ற பேரூர்களில் விற்கப்படும் பால் உறைகளிலும் இவரது பெயரால் அமைந்த பாஸ்ச்சர் முறை குறிக்கப்பட்டிருக்கும். அம்முறை முதலில் பாலுக்காக உருவானதன்று. வைன் எனப்படும் திராட்சை மதுவைப் புட்டியில் கெடாமல் காக்க உருவானது.

இளமை

பாஸ்ச்சர் கிழக்குப் பிரான்சிலுள்ள டோல் நகரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. வைனுக்குப் பெயர்பெற்ற ஆர்புவா என்ற ஊரில் வளர்ந்தார். 1848 இல் இவருக்குப் புகழ் தந்த முதல் ஆய்வும் மதுவோடு தொடர்புடையதே. வைன் பீப்பாய்களில் படியும் உப்பிலிருந்து பெறப்படும் டார்டாரிக் அமிலத்தின் படிகங்கள், கண்ணாடியும் பிம்பமும் போல எதிரெதிரான இரு வடிவங்களில் அமையக்கூடும் என்பதைக் காட்டினார். நொதித்தல் வெறும் வேதிமாற்றம் அன்று, உயிருள்ள ஈஸ்ட்டின் செயல் என்பதை 1857 முதல் நிறுவினார்.

மதுவின் நோய்கள்

1860 இல் இங்கிலாந்துடன் ஏற்பட்ட வணிக உடன்படிக்கையால் பிரெஞ்சு வைனுக்கு வெளிநாட்டுச் சந்தை விரிந்தது. ஆனால் புட்டிகளில் சென்ற மது வழியிலேயே கெட்டது. 1863 இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் இதற்குத் தீர்வு காணுமாறு பாஸ்ச்சரைக் கேட்டுக்கொண்டார். ஆர்புவாவில் பழைய காப்பிக்கடை ஒன்றை ஆய்வகமாக்கி, உள்ளூர்த் தச்சர் செய்து தந்த கருவிகளைக் கொண்டு ஆய்வுகளை நடத்தினார்.

ஒவ்வொரு வகை மதுவும் தனக்கே உரிய நோய்க்கு ஆளாவதை நுண்ணோக்கியில் கண்டார். சிவப்பு வைன் திராட்சைத் தோலோடு சேர்த்து நொதிக்க வைக்கப்படுவது. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருகின்றன. பர்கண்டிப் பகுதியின் சிறந்த சிவப்பு வைன்கள் நாட்பட்டால் கசந்தன. சாற்றை மட்டும் பிரித்து நொதிக்க வைக்கும் வெள்ளை வைனில் துவர்ப்புப் பொருள் குறைவு. அது எண்ணெய் போல இழுபட்டது. காற்றுப் பட்ட மது காடியாயிற்று. (கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீராகவும் தடவாவிடில் கள்ளாகவும் பனஞ்சாறு அமைவதை அறிந்தோர்க்கு, நுண்ணுயிரை அடக்குவதே சூழ்ச்சி என்பது எளிதில் விளங்கும்.)

தக்கையிட்ட புட்டியைச் சில நேரம் 50 முதல் 60 பாகை செல்சியசு வரை சூடாக்கினால் மது கெடுவதில்லை என்று கண்டறிந்து, 1865 இல் காப்புரிமை பெற்று, அதனைப் பொதுப் பயனுக்கு விட்டுவிட்டார். ஆயினும் இவர் முதல்வர் அல்லர். நிக்கோலா அப்பேர் என்பவர் முன்பே வைனைச் சூடாக்கிக் கடற்பயணத்துக்கு அனுப்பியிருந்தார். காரணம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. சூடு நறுமணத்தை அழித்துவிடும் என வணிகர்கள் அஞ்சினர். சுவைஞர்களைக் கொண்டு ஒப்பிட்டுச் சோதித்தே பாஸ்ச்சர் அவர்களுக்கு மறுமொழி அளித்தார். 1866 இல் இவ்வாய்வுகளை நூலாக வெளியிட்டார். இக்காலத்தில் உயர்தர வைன்கள் பெரும்பாலும் சூடாக்கப்படுவதில்லை. கந்தக டைஆக்சைடும் நுண்வடிகட்டலும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன.

காற்றே மதுவை முதிர்விக்கிறது என்பதும் அவரது கருத்து. பீப்பாய் மரத்தின் வழியே மெல்ல நுழையும் ஆக்சிசனைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் புட்டிக்குள் காற்று மிக அரிதாகவே இருந்தும் முதிர்வு தொடர்வது பின்னர் அறியப்பட்டது.

பிற்காலம்

1868 இல் பக்கவாதத்தால் இவரது இடப்பக்கம் செயலிழந்தது. எனினும் ஆய்வுகள் நிற்கவில்லை. 1874 இல் ஆர்புவா அருகே சிறு திராட்சைத் தோட்டம் ஒன்றை வாங்கினார். 1878 இல் அங்கு சில கொடிகளைக் கண்ணாடிக் கூடத்துள் அடைத்து, குலைகளைப் பஞ்சால் சுற்றி வளர்த்தார். அப்பழங்களைப் பிழிந்தபோது சாறு நொதிக்கவில்லை. ஈஸ்ட் பழத்தின் உள்ளே தோன்றுவதில்லை, வெளியிலிருந்தே வந்து சேர்கிறது என்பதற்கு இது சான்றாயிற்று.

1885 இல் வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பூசி இட்டுக் காத்தார். 1888 இல் பாரிசில் பாஸ்ச்சர் நிறுவனம் திறக்கப்பட்டது. அவர் பெயரைத் தாங்கிய ஆய்வு நிறுவனம் 1907 இல் நீலகிரி மாவட்டம் குன்னூரிலும் தொடங்கப்பட்டு, வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியைத் தயாரித்தது.