ஆழிக்குமரன்

ஆழி என்னும் சொல்லுக்குக் கடல் என்பது ஒரு பொருள். சக்கரம் என்பது மற்றொரு பொருள். வல்வெட்டித்துறை ஆனந்தனுக்கு ஆழிக்குமரன் என்று பெயர் சூட்டிய மக்கள் கடலை எண்ணியே சூட்டினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், 1979ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணி 28 நிமிடம் துவிச்சக்கர வண்டி ஓட்டியவரும் அவரே. ஏழு பகலும் ஏழு இரவும் கழிந்து எட்டாம் நாளும் வண்டி உருண்டது. இரு பொருளுக்கும் இவ்வளவு பொருத்தமாக ஒருவருக்குப் பெயர் வாய்த்தல் அரிது.

விவேகானந்தன் செல்வக்குமார் ஆனந்தன் 1943ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் பிறந்தார். வல்வெட்டித்துறை கப்பலோட்டிகளின் ஊர். அவர் பிறப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், அங்குக் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை சென்று சேர்ந்தது. அயலூராகிய தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாக்குநீரிணையை நீந்திக் கடந்து கோடிக்கரையில் ஏறினார். அந்நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவரே. அப்போது ஆனந்தனுக்கு வயது பத்து. பக்கத்து ஊரவர் ஒருவர் கடலைக் கடந்துவிட்டார் என்னும் செய்தி பத்து வயதுச் சிறுவன் ஒருவனை என்ன செய்யும் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் நன்கு அறிவர்.

பின்னாளில் ஆனந்தன் சட்டம் பயின்று சட்டத்தரணியானார். அவருடைய புகழோ நீதிமன்றத்தில் விளையவில்லை. 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, மீண்டும் தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். சென்று மீளச் சென்ற காலம் 51 மணி. கின்னஸ் நூலில் அவர் பெயர் இடம்பெறத் தொடங்கியது இதனாலேயே.

இங்கே ஒரு கணக்கைப் பார்த்தல் வேண்டும். அவ்விரு கரைகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். போகவும் வரவும் அறுபது எனக் கொண்டால், மணிக்கு ஒரு கிலோமீற்றருக்குச் சற்றே மேற்பட்ட வேகந்தான் வரும். வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலை வேளையில் பேசிக்கொண்டு நடக்கும் முதியவர் இதனினும் விரைந்து நடப்பார். இதைக் கேட்டு, இவ்வளவுதானா என்று மாணவர் சிலர் நகைப்பதுண்டு. நகைப்பதற்கு இடமில்லை. நீர் காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்ந்தது. நீந்துபவனின் வேகம் இரட்டித்தால் நீரின் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்லச் செலவிட வேண்டிய ஆற்றலோ நொடிக்கு எட்டு மடங்காகும். விரைவாக நீந்துபவன் தன் கையிருப்பை முதல் மணியிலேயே செலவழித்துவிடும் ஊதாரி. ஐம்பது மணி நீந்தக் கருதுபவன் கஞ்சனாகவே இருத்தல் வேண்டும்.

அக்கஞ்சத்தனம் பயிற்சியால் வருவது. நீந்தப் பழகாதவனின் கால்கள் தாழும்; உடல் சரிந்து நிற்கும்; நீர் அவன் மார்பில் மோதும். மூச்சுக்காக அவன் தலையை மேலே தூக்குவான்; தூக்குந்தோறும் கால்கள் இன்னும் தாழும். பழகியவனின் உடல் நீர்மட்டத்தோடு கிடக்கும். அவன் தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுப்பான். தொடைத் தசைகள் பெரியவை. ஒட்சிசனை மிகுதியாக உண்பவை. நீரை உதைப்பதால் அவை தரும் முன்னோட்டமோ சிறிது. ஆதலின் நெடுந்தூரம் நீந்துவோர் கால்களை அளவாகவே அசைப்பர். இத்தனையும் கைவந்த நீச்சல்காரனும் தான் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்குப் பத்துப் பங்கைக்கூட முன்னேற்றமாக மாற்ற இயலாது. துவிச்சக்கர வண்டி ஓட்டுபவன் இருபது முதல் இருபத்தைந்து பங்கு வரை மாற்றுவான். மனித உடலை மிகவும் விரயஞ்செய்யும் தொழில் ஒன்றிலும், மிகச் சிக்கனமாகப் பயன்படுத்தும் தொழில் ஒன்றிலும் ஆனந்தன் ஒருங்கே பேர்பெற்றார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

அசையாமையையும் அவர் சோதித்துப் பார்த்தார். 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். புராணங்களில் மட்டுமே நாம் அத்தகைய நிலையைக் கேள்விப்பட்டிருந்தோம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சத்தியமங்கலத்தில் ஒருவர் 34 மணி நின்று அதனை விஞ்சினார். 1981இல் சென்னை அண்ணா நீச்சற்றடாகத்தில், ஓரத்தைத் தொடாமல் 80 மணி நேரம் நீரில் மிதந்து நின்றார் ஆனந்தன். நுரையீரல் நிறையக் காற்றிருக்கும்போது உடலின் பெரும்பாரத்தை நீரே தாங்கும். நீருக்கு மேலே நிற்கும் தலையின் பாரத்தையே கைகால்கள் சுமக்க வேண்டும். அதை அறியாதவன் நீரை ஓங்கி அடித்துச் சில நிமிடங்களிற் சோர்வான். மெல்லத் துழாவத் தெரிந்தவனுக்கு உறக்கமே பெரும்பகை. மூன்று இரவுகளை அவ்வாறு வெல்லுதற்குத் தசைப்பயிற்சி மட்டும் போதாது என்றே கருதுகிறேன்.

இத்தகைய சாதனைகளை வீண் வேடிக்கை என்று இகழ்ந்தோரும் உளர். ஒற்றைக் காலில் நிற்பதால் உலகுக்கு என்ன பயன் என்பது அவர்தம் வினா. கால்பந்தை வலைக்குள் உதைப்பதால் விளையும் பயனும் ஏறத்தாழ அவ்வளவே என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க ஆனந்தன் பிரித்தானியா சென்றார். அகவை நாற்பத்தொன்று. இலங்கைத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்த 1983 ஆடிக் கலவரம் நிகழ்ந்து ஓராண்டே கடந்திருந்தது. கொழும்பில் தமிழர் பலர் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உறங்கிய காலம் அது.

கால்வாய் மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீற்றர் அகலமுடையது. பாக்குநீரிணையில் அவர் முன்னமே நீந்திய தூரத்தில் ஏறத்தாழப் பாதி. தூரம் அங்கே பெரிதன்று, குளிரே பெரிது. நம் கடலின் வெப்பம் பெரும்பாலும் 28 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும். ஆவணி தொடங்குமுன் கால்வாயின் நீர் 16 அல்லது 17 பாகை. நீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவரும். இங்கேதான் சிக்கனத்தின் மறுபுறம் தெரிகிறது. நம் கடலில் வீணாகும் வெப்பம் வெறும் விரயம். குளிர்நீரிலோ அவ்விரயமே உயிர்காக்கும் அடுப்பு. மெல்ல அசைபவனின் அடுப்பு சிறிதாகவே எரியும். கால்வாய் நீந்துவோர் உடலிற் கொழுப்பை வளர்த்து, மாதக்கணக்கிற் குளிர்நீரிற் பழகி இறங்குவது இதனாலேயே. வெப்பக்கடலில் வளர்ந்தவர்க்கு அக்கடல் முற்றிலும் வேறொரு பாடசாலை.

ஆகஸ்ட் மாதம் 6ஆம் நாள் ஆனந்தன் அந்நீரில் இறங்கினார். மறுகரை சேருமுன் அவர் உயிர் பிரிந்தது.

அவர் பெயர் தாங்கிய நீச்சற்றடாகம் ஒன்று வல்வெட்டித்துறை ரேவடிக் கடற்கரையில் இன்று உள்ளது. கடலிலிருந்து சில அடி தூரத்தில் அது கட்டப்பட்டிருக்கிறது.