டிகிரி இல்லாத டவுன் பிளானர்

டவுன் பிளானிங் கத்துக்க எங்க போவீங்க? பேட்ரிக் கெடிஸ் நெரிசலான குடியிருப்புக்கே குடிபோனார். 1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எந்த டிகிரியும் படிச்சு முடிக்கல. செடிகொடி ஆராய்ச்சியில் இருந்தவருக்கு மெக்சிகோவில் கொஞ்ச நாள் பார்வையே போச்சு. மைக்ராஸ்கோப்பைக் குறைச்சு, நகரங்களைப் பார்க்க ஆரம்பிச்சார்.

1886-ல் மனைவி அன்னாவோடு எடின்பரோவின் ஜேம்ஸ் கோர்ட்டில் குடியேறினார். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து சுவருக்கு வெள்ளையடிச்சார், பழைய வீடுகளைச் சரிபண்ணினார். இடிக்கிறதுக்கு முன்னாடி எதைக் காப்பாத்தலாம்னு பார்க்கணும்: அதுதான் அவர் கத்துக்கிட்ட பாடம்.

1914-ல் இந்தியாவுக்குக் கிளம்பின அவரோட நகரக் கண்காட்சி, நமக்குத் தெரிஞ்ச அதே எம்டனால் கடலில் மூழ்கிப் போச்சு. நண்பர்கள் புதுசா படங்கள் சேர்த்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. மதுரை, தஞ்சாவூருக்கும் அறிக்கை எழுதினார். 1919-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், 1932-ல் மறைந்தார்.

அடுத்த பிராஜெக்டுக்கு ஆட்டோகேட் திறக்கும் முன், அந்தத் தெருவில் ஒருதடவை நடந்துட்டு வாங்க.