இராபர்ட் வைட்

இராபர்ட் வைட் (ஜூலை 6, 1796 - மே 26, 1872) ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். கிழக்கிந்தியக் கம்பனியின் பணியாளராகச் சென்னை மாகாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய இவர், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய விளக்கப்பட நூல்களுக்காக அறியப்படுகிறார். பழனி மலைகளின் தாவர வளத்தை ஆராய்ந்து எழுதிய தொடக்ககால அறிஞர்களுள் இவரும் ஒருவர். இவருடைய நூல்களில் உள்ள படங்களில் பெரும்பாலானவற்றை ரங்கையா, கோவிந்து என்னும் இரு இந்திய ஓவியர்கள் வரைந்தனர்.

இளமையும் இந்திய வருகையும்

வைட் ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1818 இல் பட்டம் பெற்றார். 1819 இல் துணை மருத்துவராக இந்தியா வந்தார். 1826 இல் சென்னை அரசின் இயற்கையியலாளர் பதவி இவருக்குக் கிடைத்தது. ஆனால் சிக்கன நடவடிக்கையாக 1828 இல் அப்பதவி ஒழிக்கப்பட்டது. பின்னர் நாகப்பட்டினத்தில் படை மருத்துவராகப் பணிபுரிந்தபோதும், செடிகள் சேகரிப்பதையும் அவற்றைப் படமாக்குவதையும் இவர் கைவிடவில்லை.

1831 இல் விடுப்பில் தாயகம் சென்றபோது ஏறத்தாழ 1,00,000 உலர்தாவர மாதிரிகளை உடன் கொண்டு சென்றார். அவற்றின் எடை இரண்டு டன் எனப்படுகிறது. அவற்றின் அடிப்படையில் ஜார்ஜ் வாக்கர் ஆர்னட் என்பவருடன் இணைந்து தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூல் ஒன்றை எழுதினார். லின்னேயசின் பழைய முறையை விடுத்து, இயற்கை உறவுகளின் அடிப்படையில் தாவரங்களை வகைப்படுத்திய அந்நூலின் முதல் தொகுதி 1834 இல் வெளியானது. அடுத்த தொகுதிகள் வெளிவரவில்லை.

பழனி மலையில்

1836 இல் வைட் பழனி மலைகளுக்குச் சென்றார். இம்மலைகளுக்கு வராககிரி என்ற பெயரும் உண்டு. பயணத்தில் கண்டவற்றைச் சென்னையிலிருந்து வெளிவந்த அறிவியல் இதழொன்றில் 1837 இல் கட்டுரையாக வெளியிட்டார். அதன் தலைப்பில் வராககிரி, பழனி ஆகிய இரு பெயர்களையும் பயன்படுத்தினார். அக்காலத்தில் கொடைக்கானல் நகரம் உருவாகியிருக்கவில்லை. அமெரிக்க மதப்பணியாளர்கள் அங்கு முதல் வீடுகளைக் கட்டியது 1845 இல்தான். எனவே குடியேற்றத்திற்கும், அதைத் தொடர்ந்து வந்த வேற்று நாட்டு மரங்களுக்கும் முந்திய மலையை வைட் கண்டார். இம்மலைகளின் சோலைக் காடுகளில் வளரும் ஐலெக்ஸ் வைட்டியானா, லிட்சியா வைட்டியானா ஆகிய மரங்கள் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.

தாவர ஓவியங்கள்

உலர்த்திய செடியில் நிறம் மங்கிவிடும். பூவின் வடிவமும் சிதைந்துவிடும். மேலும் அன்றைய இந்தியாவில் இருந்தவர்களுக்கு ஐரோப்பிய உலர்தாவரத் தொகுப்புகளையும் விலைமிகுந்த நூல்களையும் பார்க்கும் வாய்ப்புக் குறைவு. நல்ல படம் இருந்தால் எவரும் செடியை அடையாளம் காணலாம் என்று வைட் கருதினார். ஆகவே ஒவ்வொரு படத்திலும் கிளையின் தோற்றத்துடன், பூவின் உறுப்புகளைப் பிரித்துப் பெரிதாக்கிக் காட்டும் சிறு படங்களும் இடம்பெறச் செய்தார்.

ரங்கையா 1820களின் பிற்பகுதி முதல் வைட்டிடம் பணியாற்றினார். அவருக்குப் பின் 1840களில் கோவிந்து அப்பணியை ஏற்றார். ரங்கையாவின் ஓவியங்கள் சிலவற்றை வில்லியம் ஹூக்கர் பிரித்தானியாவில் வெளியிட்டார். செப்புத்தகட்டுச் செதுக்கலுக்குச் செலவு மிகுதி என்பதால் வைட் கல்லச்சுக் கலையைத் தாமே கற்றார். கொழுப்பு கலந்த மையால் கல்லின்மேல் படம் வரையப்படும். பின்னர் கல் ஈரமாக்கப்பட்டு, அச்சு மை பூசப்படும். ஈரமான பகுதி மையை ஏற்காது. வரைந்த கோடுகள் மட்டுமே மையைப் பற்றிக்கொள்ளும்.

இம்முறையில் சென்னையில் அச்சான நூல்களுள் இரண்டு முதன்மையானவை. இந்தியத் தாவரவியல் விளக்கப்படங்கள் (1838-1850) கையால் வண்ணம் தீட்டப்பட்ட படங்களைக் கொண்டது. கிழக்கிந்தியத் தாவரப் படங்கள் (1838-1853) ஆறு தொகுதிகளில் 2,101 படங்களைக் கொண்டது. இதில் வண்ணம் இல்லை.

அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞர்களுக்காக வரைந்த இந்திய ஓவியர் பலரின் பெயர்கள் பதிவாகவில்லை. வைட்டின் நூல்களிலோ படங்களின் அடியில் ஓவியர் பெயர் அச்சிடப்பட்டது. கோவிந்துவின் திறமையைப் போற்றி, ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் கோவிந்தூயா என வைட் பெயரிட்டார். இப்பேரினம் இன்று டிராப்பிடியா என்னும் பேரினத்துள் அடக்கப்பட்டுள்ளது. எனினும் அவ்விரு ஓவியர்களின் வாழ்க்கை பற்றிய செய்திகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன.

பருத்திப் பணியும் ஓய்வும்

1836 முதல் வைட் வருவாய்த் துறையின்கீழ் வேளாண்மை பற்றிய ஆய்வுகளில் ஈடுபட்டார். 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிடும் சோதனைப் பண்ணைகளை மேற்பார்வையிட்டார். இத்திட்டம் அரசு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அரசு ஊதியம் அளித்த அப்பணியைவிட, ஓய்வு நேரத்தில் பெருமளவு சொந்தச் செலவில் செய்த தாவரவியல் பணியே இவருக்கு நிலைத்த புகழைத் தந்தது எனலாம்.

1853 இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய வைட், 1855 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். ரெடிங் நகருக்கு அருகிலுள்ள கிரேசிலியில் வாழ்ந்து 1872 இல் காலமானார்.

பிற்காலத் தாக்கம்

வைட்டுக்குப் பின்னரும் பழனி மலை ஓவியர்களை ஈர்த்தது. படை அதிகாரி டக்ளஸ் ஹாமில்டன் வரைந்த இம்மலையின் நிலக்காட்சிகள் 1864 இல் வெளியாயின. நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்கள் பற்றிய பி. எஃப். பைசனின் படநூல் 1915 முதல் 1920 வரை வெளிவந்தது. ரங்கையா, கோவிந்து ஆகியோரின் மூல ஓவியங்கள் பல நூறு எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றை ஆராய்ந்து ஹென்றி நோல்டி எழுதிய மூன்று தொகுதி நூல் 2007 இல் வெளியானது. அதன் தலைப்பில் வைட்டின் பெயருடன் அவ்விரு ஓவியர்களின் பெயர்களும் இடம்பெற்றுள்ளன.