வானத்தில் பறந்த குதிரை!

சிவப்பு நிற பெராரி காரை, படத்திலாவது பார்த்திருப்பீர்கள் குட்டீஸ்! அதில், முன்னங்கால்களைத் தூக்கியபடி கறுப்புக் குதிரை ஒன்று நிற்கும். அந்தக் குதிரை முதலில் இருந்தது காரில் அல்ல... போர் விமானத்தில்!

இத்தாலி நாட்டின் லூகோ நகரில், 1888 மே 9ல் பிறந்தார் பிரான்செஸ்கோ பராக்கா. வளர்ந்ததும் குதிரைப்படை அதிகாரி ஆனார். ஆனால், மனம் ஆகாயத்தை நாடியது. 1912ல் பிரான்ஸ் சென்று, விமானம் ஓட்டக் கற்றார்.

1915ல், முதல் உலகப் போரில் இத்தாலியும் இறங்கியது. 1916 ஏப்ரல் 7ல், எதிரியான ஆஸ்திரியாவின் விமானம் ஒன்றை வீழ்த்தினார் பராக்கா. வான் சண்டையில் இத்தாலி பெற்ற முதல் வெற்றி இது. உடனே தரையிறங்கி, பிடிபட்ட எதிரி விமானியைச் சந்தித்துப் பேசினார். தன் குறி விமானம் தான். மனிதன் அல்ல என்பது அவர் எண்ணம்.

அக்கால விமானங்களை, மரச்சட்டத்தின் மீது துணியை இழுத்துக் கட்டிச் செய்வர். துணி விறைப்பாக நிற்க, ஒரு திரவத்தைப் பூசுவர். அதன் மேல் பெயின்டால் படம் வரையலாம். வானில் எது யாருடைய விமானம் என அடையாளம் காண, இந்தப் படங்கள் உதவின. 1917ல், தன் விமானத்தின் பக்கவாட்டில் துள்ளும் குதிரையை வரையச் செய்தார் பராக்கா. தான் பணியாற்றிய குதிரைப்படையை அவர் மறக்கவில்லை!

மொத்தம், 34 விமானங்களை வீழ்த்தினார். இத்தாலி வீரர்களில் இதுவே அதிகம். 1918 ஜூன் 19ல், மான்டெல்லோ குன்றுப் பகுதியில் தாழப் பறந்து போரிட்டவர், திரும்பவே இல்லை. அப்போது வயது, 30. ஐந்து மாதங்களுக்குள் போரே முடிந்துவிட்டது.

1923ல், ராவென்னா அருகே நடந்த கார் பந்தயத்தில் வென்றார், என்சோ பெராரி என்ற இளைஞர். பராக்காவின் பெற்றோரின் அறிமுகம் அவருக்குக் கிடைத்தது. மகனின் குதிரையைக் காரில் வரைந்து கொண்டால் அதிர்ஷ்டம் வரும் என்றார் தாய் பாவோலினா. தன் ஊரான மொடேனாவின் மஞ்சள் நிறத்தைப் பின்னணியாகச் சேர்த்தார் பெராரி. 1932ல், அவரது அணியின் பந்தயக் கார்களில் குதிரை ஏறியது.

லூகோவில் உள்ள பராக்காவின் வீடு, இன்று அருங்காட்சியகம். இனி, அந்தக் குதிரையைப் பார்த்தால் வேகம் மட்டுமா நினைவுக்கு வரும் குட்டீஸ்? போரில் மகனை இழந்த ஒரு தாயும் நினைவுக்கு வருவார் அல்லவா!